மேற்குத் தடம் – 23: நான்கு மணி நேரக் கணக்கு

2011ஆம் ஆண்டு மே மாதம். அம்பத்தூர் எஸ்டேட்டில், முன்பு லேத் பட்டறைகள் வரிசையாக இருந்த தெருவில் எழும்பிய கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடி. இரவு எட்டரை மணி. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கான வேலையில் நான் அப்போது கோபால் (COBOL) என்ற கணினி மொழியில் புரோகிராமர். ஆண்டுக் கணக்கு முடிக்கும் புரோகிராமில் ஒரு திருத்தம் செய்திருந்தேன். அதைச் சோதிக்க, பாலிசிக் கோப்பு முழுவதையும் படிக்கிற பன்னிரண்டு ஜாப்களை ஒருசேர விட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டேன். பட்டரவாக்கத்தில் ஒன்பது மணி வண்டியைப் பிடித்துவிட்டால் ஆவடி வீட்டில் சுடச்சுட இட்லி கிடைக்கும்.

மேசைத் தொலைபேசி அடித்தது. ஆன்சைட்டில், அதாவது அமெரிக்காவில் அந்த நிறுவனத்திலேயே இருந்த மூத்தவர்.

"அந்த பன்னண்டு ஜாபும் நீதானே விட்டே? உடனே கேன்சல் பண்ணு."

"ஏண்ணா, டெஸ்ட் ரீஜன்லதானே ஓடுது?"

"டெஸ்ட்டோ ப்ரொடக்‌ஷனோ, மெஷின் ஒண்ணுதான் தம்பி. இங்க பகல் பதினொரு மணி, பீக் ஓடுது. இந்த மாசம் பில் ஏறிச்சுன்னா யார் பதில் சொல்றது?"

ஜாப்களை நிறுத்தினேன். என்ன பில், ஏன் ஏறும் என்று கேட்க அந்த நேரத்தில் தோன்றவில்லை. கீழே இறங்கி டீக்கடைக்கு வந்தேன். எதிரே ஒரு வார்ப்புப் பட்டறை. உள்ளே விளக்கு ஒன்றிரண்டுதான் எரிந்தது. ஆட்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். சூப்பர்வைசர் ஒருவர் என் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். வேலை இல்லையா என்று கேட்டேன்.

"வேலை நெறைய இருக்கு தம்பி. ஆறுலேர்ந்து பத்து வரைக்கும் பீக் ஹவர், ஃபர்னஸ் போடக் கூடாது. பத்து மணிக்கு மேலதான் எங்களுக்குப் பொழுது விடியும்."

ஒரே தெருவில், ஒரே இரவில், எதிரெதிரே இரண்டு தொழில்கள் ஒரே காரணத்துக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றன என்பது எனக்குப் புரிய இன்னும் சில ஆண்டுகள் ஆயின. அந்தப் புரிதல்தான் இந்த வார அத்தியாயம். சென்ற வாரங்களில் டி.ஐ. சைக்கிள்ஸையும், டன்லப்பையும், 1965 டிசம்பரில் விஜயந்தா டாங்கி வெளிவந்த ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையையும், 1964இல் பிறந்த இந்தத் தொழிற்பேட்டையையும் பார்த்தோம். அவற்றையெல்லாம் இரும்பும் ரப்பரும் மின்சாரமும் தீர்மானித்தன. இந்த வாரம் பார்க்கப்போவது கண்ணுக்குத் தெரியாத ஒரு சரக்கு: மெயின்ஃபிரேம் கணினியின் ஆபரேட்டிங் சிஸ்டம், தமிழில் இயங்குதளம். அதைச் செய்து விற்பவர் அதற்கு எப்படி விலை வைத்தார் என்பது, அம்பத்தூரில் ஒருவர் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார் என்பது வரைக்கும் வந்து நின்றது.

எஸ்டேட்டில் உயர் அழுத்த மின் இணைப்பு வைத்திருக்கும் எந்த முதலாளியைக் கேட்டாலும் 'மேக்சிமம் டிமாண்ட்' என்றால் என்னவென்று சொல்வார். மாதம் முழுக்க எத்தனை யூனிட் ஓடியது என்பதற்கு ஒரு கட்டணம். அந்த மாதத்தில் ஏதோ ஒரு வேளையில் ஒரே சமயத்தில் எவ்வளவு இழுத்தீர்கள் என்பதற்குத் தனியாக இன்னொரு கட்டணம். முப்பது நாளில் ஒரே ஒரு நாள் எல்லா மோட்டாரையும் சேர்த்துப் போட்டுவிட்டால் போதும், அந்த உச்சம் மீட்டரில் பதிந்துவிடும். மீதி இருபத்தொன்பது நாள் சிக்கனமாக இருந்தாலும் அந்த மாத டிமாண்ட் கட்டணம் குறையாது. ஆகவே நல்ல சூப்பர்வைசர் மோட்டார்களை ஒவ்வொன்றாகத்தான் கிளப்புவார். 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் மின்பற்றாக்குறை வாட்டியபோது, மாலை ஆறு முதல் பத்து வரை ஆலைகள் இழுக்கக்கூடிய மின்சாரத்தையே கடுமையாகக் கட்டுப்படுத்தினார்கள். டீக்கடைச் சூப்பர்வைசர் சொன்னது அதைத்தான்.

ஐ.பி.எம். தன் மெயின்ஃபிரேம் இயங்குதளமான இசட் ஓ.எஸ்.ஸுக்கு விலை வைத்தது அச்சு அசலாக இதே முறையில். 2000ஆம் ஆண்டு அக்டோபரில் இசட் 900 என்ற இயந்திரத்தை அறிவித்தபோது இந்த முறையும் கூடவே வந்தது. இயந்திரம் செய்யும் வேலையை எம்.எஸ்.யூ., அதாவது மில்லியன் சர்வீஸ் யூனிட் என்ற அலகால் அளப்பார்கள். கடந்த நான்கு மணி நேரத்தில் சராசரியாக எத்தனை எம்.எஸ்.யூ. செலவானது என்பதை இயங்குதளமே சில நிமிடங்களுக்கு ஒருமுறை கணக்கிட்டுக்கொண்டே போகும். மாதத்தில் அந்தச் சராசரி எந்த மணியில் மிக உயர்ந்ததோ, அந்த எண்ணுக்குத்தான் மாத வாடகை. கணக்கு மாதம் என்பது 2ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 1ஆம் தேதி முடியும். ஐ.பி.எம். கொடுத்த ஒரு கருவியால் அறிக்கை எடுத்து 9ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும்.

ஓர் உதாரணம். வழக்கமாக ஒரு நிறுவனத்தின் நான்கு மணி நேரச் சராசரி 500 எம்.எஸ்.யூ. என்று வையுங்கள். ஒருநாள் பகல், கிளைகளெல்லாம் திறந்து வாடிக்கையாளர் கூட்டம் இருக்கும் வேளையில், எங்கிருந்தோ யாரோ பன்னிரண்டு சோதனை ஜாப்களைத் தூக்கிப் போட, சராசரி 530 ஆகிவிட்டது. அந்த மாதம் முழுவதற்கும் 530தான். இயங்குதளத்துக்கு மட்டும் இல்லை. அதே இடத்தில் ஓடும் டிபி2, சி.ஐ.சி.எஸ். போன்ற ஐ.பி.எம். மென்பொருள்களுக்கும் அதே எண் ஏறும். மூன்றாம் மாடியில் அன்று நான் செய்தது இதைத்தான். அமெரிக்கக் கிழக்குக் கரையின் காலை பத்து முதல் பிற்பகல் இரண்டு வரை, கோடைக்கால நேரப்படி, நமக்கு இரவு ஏழரை முதல் பதினொன்றரை. நம் எஸ்டேட் பட்டறைகளின் பீக் ஹவரும் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்தின் பீக் ஹவரும் கிட்டத்தட்ட ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன.

விலை வைப்பது என்றால் சரக்கின் அடக்கவிலையோடு லாபம் சேர்ப்பது என்று நாம் நினைக்கிறோம். இயங்குதளத்தில் அடக்கவிலை என்பது இன்னொரு பிரதி எடுக்கும் செலவு. ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆகவே விற்பவர் பார்ப்பது ஒன்றே ஒன்று: வாங்குகிறவரால் விலகிப் போக முடியுமா, முடியாதா. இதை வரலாற்றில் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால்தான் முழுதாகத் தெரியும்.

1959 அக்டோபரில் ஐ.பி.எம். 1401 வந்தபோது அதன் தொடக்க மாத வாடகை 2,500 டாலர். அதற்கு இயங்குதளம் என்று ஒன்று கிடையாது. துளையிட்ட அட்டைகளின் கட்டை உள்ளே தள்ளினால் அந்தப் புரோகிராமே இயந்திரத்தின் எசமான். 1960களில் இந்தியாவுக்கு வந்தவை பெரும்பாலும் இவைதாம். ரயில்வே தன் மண்டலத் தலைமையகங்களிலும் உற்பத்திப் பிரிவுகளிலும் 1401களை வைத்தது. நம் வில்லிவாக்கத்தை ஒட்டிய ஐ.சி.எஃப். அந்த உற்பத்திப் பிரிவுகளில் ஒன்று. சம்பளப் பட்டியல், ஸ்டோர் கணக்கு, இவைதான் வேலை. அமெரிக்காவில் 1971 தொடக்கத்திலேயே 1401ஐ விற்பனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இங்கோ, வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொடுத்த பழைய இயந்திரங்களைப் பம்பாய்த் தொழிற்சாலையில் புதுப்பித்து வாடகைக்கு விடுவது தொடர்ந்தது. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 1975–76இல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. கண்டித்ததில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். போட்டி இல்லாத சந்தையில் பழையதற்கும் புதியதற்கும் விலையில் வித்தியாசம் இருக்காது.

இயங்குதளம் என்ற சரக்கு பிறந்தது 1964 ஏப்ரலில் அறிவித்த சிஸ்டம் 360 வரிசையோடு. அதற்காக எழுதிய ஓ.எஸ். 360 காலம் தாழ்ந்து, செலவு எகிறி, கடைசியில் ஏறத்தாழ 50 கோடி டாலரை விழுங்கியது. அந்தப் பணியை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் தன் அனுபவத்தைப் பிறகு புத்தகமாக எழுதினார். மென்பொருள் படிக்கும் பிள்ளைகள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். இவ்வளவு செலவழித்த ஒன்றை ஐ.பி.எம். சும்மா கொடுத்தது. இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தால் இயங்குதளம் இலவசம், மூல நிரல் உட்பட.

இலவசத்துக்குக் காரணம் எளிது. அந்த இயங்குதளம் நினைவகத்தைச் சாப்பிட்டது. நினைவகத்தை விற்றவர் ஐ.பி.எம். பெரிய இயங்குதளம் வேண்டுமென்றால் பெரிய இயந்திரம் வேண்டும். கடைக்காரர் மாவை இலவசமாகக் கொடுத்துத் தோசைக் கல்லுக்கு வாடகை வாங்கினார்.

1969 ஜனவரியில் அமெரிக்க அரசு ஐ.பி.எம். மீது ஏகபோக வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு ஜூன் 23 அன்று நிறுவனம் தன் மென்பொருள்களையும் சேவைகளையும் இயந்திர விலையிலிருந்து பிரித்துத் தனி விலை வைப்பதாக அறிவித்தது. தனி மென்பொருள் தொழில் என்ற ஒன்று உலகில் உருவாக அந்த அறிவிப்பு பெரிய காரணம். நம் ஊர் இளைஞர்கள் உண்ணும் சோற்றின் வேரும் அங்கே இருக்கிறது. இயந்திர விலையில் 3 சதவீதம் குறைத்தார்கள். இத்தனை காலம் சேர்ந்தே வந்தவற்றின் மதிப்பு மூன்றே சதவீதமா என்று வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். ஆனால் பிரித்த பிறகும் இயங்குதளத்தின் அடிப்படைப் பகுதி மட்டும் இலவசமாகவே இருந்தது.

இந்த இலவசத்தின் உண்மை முகம் 1972இல் தெரிந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு 370/155, 370/165 என்ற இயந்திரங்களை விற்றிருந்தார்கள். 1972 ஆகஸ்டில், மெய்நிகர் நினைவகத்தோடு வேலை செய்யும் புது இயங்குதளங்களை அறிவித்தார்கள். இயங்குதளம் இலவசம். ஆனால் முகவரி மாற்றும் வன்பொருள் பெட்டி ஒன்று இல்லாமல் அது பழைய 155இல் ஓடாது. பெட்டியின் விலை 155க்கு 2,00,000 டாலர், 165க்கு 4,00,000 டாலர். அப்போதுதான் பணத்தைக் கொட்டி இயந்திரம் வாங்கியிருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அதே 370/155 ஒன்றுதான் மேற்கு ஜெர்மனியின் உதவியாக 1973இல் கிண்டி காட்டோரம் இருந்த சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்தது. நாட்டின் மிகப்பெரிய கணினிகளில் ஒன்று அது. அட்டைக் கட்டில் ரப்பர் பேண்டு போட்டுக் கவுன்ட்டரில் கொடுத்துவிட்டு, மறுநாள் வந்து அகலத் தாளில் விடையை வாங்கிப்போகும் காலம். ஓர் அட்டை இடம் மாறியிருந்தால் இன்னொரு நாள்.

1975இல் நிலைமை தலைகீழாகியது. 360ஐ வடிவமைத்தவர்களில் முதன்மையான ஜீன் ஆம்டால், ஐ.பி.எம்.மை விட்டு வெளியேறித் தன் பெயரிலேயே நிறுவனம் தொடங்கி, ஐ.பி.எம். மென்பொருள் அப்படியே ஓடும் 470 என்ற இயந்திரத்தை விற்க ஆரம்பித்தார். விலை குறைவு, வேகம் அதிகம், இயங்குதளமோ ஐ.பி.எம். இலவசமாகக் கொடுப்பது. ஐ.பி.எம். விற்பனையாளர் வரும்போது மேசைமேல் ஆம்டால் பெயர் பொறித்த காபிக் கோப்பையை வைத்திருந்தால் லட்சக்கணக்கில் தள்ளுபடி கிடைக்கும் என்று அந்தத் தொழிலில் ஒரு கதை உண்டு. இயந்திரத்தில் போட்டி வந்த பிறகு இயங்குதளத்தை இலவசமாகக் கொடுப்பது, பக்கத்துக் கடைக் கல்லுக்கு நம் மாவைக் கொடுப்பதாகிவிட்டது.

ஆகவே விலை இடம் மாறியது. எம்.வி.எஸ். என்ற இயங்குதளத்தின் 3.8ஆம் வெளியீடுதான் விலையில்லாமல் வந்த கடைசி வெளியீடு. 1980இல் வந்த எஸ்.பி. வடிவத்துக்கு மாத வாடகை. விரும்பாதவர்கள் பழைய 3.8இலேயே இருந்துவிடலாமே? இருக்கலாம், ஆனால் அதன் முகவரி எல்லை 16 மெகாபைட். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அந்தச் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தன. 1983இல் கைக்கு வந்த எக்ஸ்.ஏ. என்ற வடிவம் அதை 2 ஜிகாபைட்டாக உயர்த்தியது, விலைக்கு மட்டும். தேவையை யாரும் உருவாக்கவில்லை. வாடிக்கையாளரின் சொந்தக் கோபால் புரோகிராம்கள் வளர்ந்து வளர்ந்து தாமாகவே தேவையை உருவாக்கின. விற்பவர் அந்தச் சுவரின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அதே 1983இல் மூல நிரல் கொடுப்பதை நிறுத்தும் கொள்கையும் வந்தது. ஃபுஜிட்சு நிறுவனம் ஐ.பி.எம். இயங்குதளத்தை ஒட்டி எழுதிய தன் இயங்குதளத்துக்காக, 1988 நடுவர் தீர்ப்பின்படி ஏறத்தாழ 83 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. இயங்குதளத்தின் மதிப்பு என்ன என்று கேட்பவர்களுக்கு அந்த எண்ணே பதில்.

இந்தக் காலம் முழுக்க நம் நாடு வேறு பாதையில் இருந்தது. 1973 அன்னியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டுப் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க ஐ.பி.எம். மறுத்தது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில் அமைச்சராக இருந்த 1978இல் அது வெளியேறியது. விட்டுப்போன இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பை, 1975இல் அரசு தொடங்கியிருந்த கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் ஏற்றது. ஒன்றைக் கவனியுங்கள்: இயங்குதளத்துக்கு மாத வாடகை இல்லாத காலத்தில் அந்தப் பிரிவு நடந்ததால்தான் இயந்திரங்கள் தொடர்ந்து ஓட முடிந்தது. பத்தாண்டு கழித்து நடந்திருந்தால் ஒப்பந்தத்தோடு ஓட்டும் உரிமையும் போயிருக்கும்.

1980களில் ரங்கராஜன் குழுவின் பரிந்துரையால் நம் வங்கிகள் கணினிக்கு மாறியபோது யூனிக்ஸ் வழியைப் பிடித்தன. ஐ.பி.எம். 1992இல் டாடாவோடு கைகோத்துத் திரும்பி வந்தபோது இங்கே மெயின்ஃபிரேம் வாங்க ஆள் குறைவு. ஆனால் அதில் வேலை செய்ய ஆள் நிறைய. டி.சி.எஸ். நிறுவனம் 1980களின் பிற்பகுதியிலேயே சென்னையில் ஐ.பி.எம். 3090 ஒன்றை நிறுவி அந்த ஆளணியைப் பழக்கியிருந்தது. இரண்டாயிரமாவது ஆண்டுப் பிரச்சினை வந்தபோது கோபாலையும், ஜாப்களை ஓட்டும் கட்டளை மொழியான ஜே.சி.எல்.லையும் கற்றுக்கொடுக்கும் பயிற்சி நிலையங்கள் நகரமெங்கும் முளைத்தன. பொறியியல் படித்துவிட்டு எஸ்டேட் பட்டறைகளில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தவர்கள் மாலை வகுப்புக்குப் போய்ப் பச்சை எழுத்துத் திரைக்கு மாறினார்கள். பிறகு நிறுவனங்களே மேற்கு நோக்கி வந்தன. எச்.சி.எல். எஸ்டேட்டில் அலுவலகம் வைத்தது. பூந்தமல்லி போகும் சாலையில் மணப்பாக்கம் டி.எல்.எஃப். வளாகத்தில் ஐ.பி.எம்.மே வந்து உட்கார்ந்தது. தேவை வெளிநாட்டில், திறமை இங்கே. வாடகை கட்டுகிறவர் நியூயார்க்கில், அந்த வாடகையைக் குறைக்க இரவில் கண் விழிப்பவர் அம்பத்தூரில்.

இடையில் இன்னொரு பெரிய மாற்றம். 1993இல் ஐ.பி.எம். 810 கோடி டாலர் நட்டம் கண்டது. புதிதாக வந்த தலைவர் லூயி கெர்ஸ்ட்னர் மெயின்ஃபிரேம் இயந்திர விலையை வெட்டினார். ஒரு மிப்ஸ், அதாவது நொடிக்குப் பத்து லட்சம் கட்டளை என்ற அளவுத் திறனுக்கு 63,000 டாலர் என்றிருந்த விலை ஏழே ஆண்டில் 2,500க்கும் கீழே வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். இயந்திரம் மலிவாகிவிட்ட பிறகு வாடிக்கையாளரின் பில்லில் பெரிய செலவு இயங்குதளமும் அதன் துணை மென்பொருள்களும்தான். 2000ஆம் ஆண்டில் ஆம்டாலும் ஹிட்டாச்சியும் களத்திலிருந்து விலகின. அதே ஆண்டில்தான் நான்கு மணி நேரக் கணக்கு வந்தது. போட்டியாளர் போன கதவும் புதிய மீட்டர் வந்த கதவும் ஒன்றே.

நியாயமாகச் சொன்னால், அந்த மீட்டர் வந்தபோது வாடிக்கையாளருக்கு அது நிம்மதிதான். அதற்கு முன்பு இயந்திரத்தின் முழுத் திறனுக்கும் கட்ட வேண்டும், பாதி சும்மா கிடந்தாலும். இப்போது இழுத்ததற்குக் கட்டினால் போதும். கட்டண அடுக்கிலும் ஒரு நுணுக்கம் இருந்தது. நம் வீட்டு மின்கட்டணத்தில் யூனிட் ஏற ஏற விலை ஏறும். இங்கே நேர்மாறு: முதல் 3 எம்.எஸ்.யூ.வுக்கு விலை மிக அதிகம்; மேலே போகப்போக ஒவ்வோர் அலகும் மலிவு. அடித்தளத்தில் இருப்பது முப்பது ஆண்டுக் கோபால். அதை யாராலும் வேறிடம் தூக்கிப்போக முடியாது, என்ன விலை சொன்னாலும் கட்டுவார்கள். மேலே சேர்வது புது வேலை. அதை வேறு கணினியில் வைக்க வாடிக்கையாளருக்கு வழி இருக்கிறது, ஆகவே அதற்கு மலிவு காட்டி இழுக்க வேண்டும். இந்த அமைப்பில் அடிபட்டவர்கள் சிறிய வாடிக்கையாளர்கள். பெரியவர்கள் தங்கினார்கள், சிறியவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள்.

ஒரே மின்சாரத்துக்கு வீட்டுக்கு ஒரு விலை, ஆலைக்கு ஒரு விலை, விசைத்தறிக்கு ஒரு விலை, விவசாயத்துக்கு இலவசம் என்று நம் வாரியம் வைத்திருப்பதுபோல, ஒரே செயலிக்கும் பல விலை வந்தது. 2000இல் லினக்ஸுக்கென்று ஒன்று, 2006இல் டிபி2 வகை வேலைக்கென்று 'ஜிப்' என்று அழைக்கப்பட்ட இன்னொன்று. உள்ளே இருப்பது அதே செயலிதான். ஆனால் அதில் ஓடுவது எம்.எஸ்.யூ. கணக்கில் ஏறாது. 2009இல் நியான் என்ற நிறுவனம், சாதாரண வேலையையும் இந்த மலிவுச் செயலிக்குத் தள்ளிவிடும் மென்பொருளை விற்க வந்தது. வீட்டு இணைப்பில் கம்பி இழுத்துப் பட்டறை ஓட்டுவது மாதிரி என்று ஐ.பி.எம். தரப்பு பார்த்தது. வழக்கு 2011இல் சமரசமாகி அந்த மென்பொருள் சந்தையைவிட்டுப் போனது.

இனி அம்பத்தூர். அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு எங்கள் குழுவில் எழுதப்படாத சட்டம் ஒன்று உருவானது. அமெரிக்கப் பகல் உச்சத்தில், அதாவது நம் இரவில், பெரிய சோதனை ஜாப் எதுவும் விடக்கூடாது. மாதக் கடைசியில் இரட்டிப்புக் கவனம். சோதனைப் பகுதிக்கு ஓர் உச்ச வரம்பு வைத்துவிட்டார்கள். சராசரி அதைத் தொட்டால் இயங்குதளமே அந்தப் பகுதியின் வேகத்தைப் பிடித்து இழுக்கும். திரையில் என்டர் தட்டினால் மூலையில் எக்ஸ் குறியோடு விசைப்பலகை பூட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே எத்தனை டீ ஆறிப்போயிருக்கிறது.

குழுவில் இரண்டு பேருக்கு முழுநேர வேலையே இந்தக் கணக்குதான். எந்த ஜாப் எத்தனை செயலி நொடி தின்கிறது, எதை இரவு பேட்ச்சில் இரண்டு மணி நேரம் தள்ளலாம், எந்த டிபி2 கேள்விக்கு இண்டெக்ஸ் போட்டால் பாதியாகக் குறையும் என்று ஒவ்வொரு நாளும் சலிப்பார்கள். திருமுல்லைவாயலிலிருந்து வந்த பெண் ஒருவர், தினமும் ஓடிய ஒரு வரிசைப்படுத்தும் படி தேவையே இல்லை, முந்தைய ஜாபிலேயே கோப்பு அதே வரிசையில்தான் வருகிறது என்று கண்டுபிடித்தார். பதினைந்து ஆண்டுகளாக யாரும் கவனிக்காத படி அது. ஜே.சி.எல்.லில் நான்கு வரியை நீக்கினார். அந்த மாத அறிக்கையில் உச்சம் இறங்கியது. விலைப்பட்டியலில் இருக்கும் ஒரு விதி, ஒருவரின் கூர்மைக்கு எப்படி வேலை கொடுக்கிறது என்பதை நான் நேரில் கண்ட நாள் அது. அந்தச் சேமிப்பில் அவருக்குப் பங்கு எதுவும் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விலை முறை மறுபடியும் மாறியது. கைபேசியில் எல்லோரும் பத்து முறை கணக்கிருப்பு பார்க்கத் தொடங்கியபோது உச்சம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. 2014இல் கைபேசி வழி வரும் பரிவர்த்தனைகளின் எம்.எஸ்.யூ.வில் 60 சதவீதத்தைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். 2019இல் உச்சத்தையே விட்டுவிட்டு, ஆண்டு முழுக்க எவ்வளவு செலவாகிறதோ அதற்குக் கட்டும் முறை ஒன்றையும் கொண்டுவந்தார்கள். அதற்கு மாறிய நிறுவனங்களின் வேலையைப் பார்ப்பவர்களுக்கு இரவு எட்டரை மணி ஜாப்புக்குத் தடை இல்லை. பழைய முறையில் இருப்பவர்கள் இன்னமும் மீட்டரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எதிரே இருந்த வார்ப்புப் பட்டறை இப்போது இல்லை.

விலை வைக்காத காலத்தின் ஒரு மிச்சம் நம் பிள்ளைகளுக்குப் பயன்படும். எம்.வி.எஸ். 3.8 இலவசமாகக் கொடுக்கப்பட்டது என்று சொன்னேன் அல்லவா, அதனால்தான் அதை இன்றும் யாரும் ஓட்டிப் பார்க்க முடிகிறது. ரோஜர் பௌலர் எழுதி 1999இல் வெளிவந்த ஹெர்குலிஸ் என்ற இலவச மென்பொருள், சாதாரண மடிக்கணினியை 370 இயந்திரமாக நடிக்க வைக்கிறது. அதன்மேல் அந்தப் பழைய எம்.வி.எஸ். அப்படியே எழுந்து நிற்கும். விலை வைக்கப்பட்ட பிந்தைய வடிவங்களை இப்படி ஓட்ட உரிமம் கிடையாது. ஆவடியிலும் பூந்தமல்லி சாலையிலும் உள்ள பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள் ஒரு பிற்பகல் ஒதுக்கி இதை மாணவர்களுக்குக் காட்டலாம். ஜே.சி.எல். எழுதி, அது அபெண்ட் ஆகி, அதாவது பாதியில் முறிந்து, ஏன் என்று தேடிக் கண்டுபிடிக்கும் அனுபவத்துக்கு ஒரு பைசா செலவில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஐ.சி.எஃப்.பிலோ எஸ்டேட்டைச் சுற்றிய ஆலைகளிலோ கணினிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் இந்தத் தொடரைப் படிக்கிறீர்கள் என்பது உங்கள் கடிதங்களில் தெரிகிறது. துளையிட்ட அட்டை, அகலத் தாள் சம்பளப் பட்டியல், வாடகை ரசீது, பழைய கையேடு, எது பரணில் இருந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்துப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். குறிப்பாக வாடகை ரசீதுகள் வேண்டும். 1401க்கு நம் மேற்குப் பக்கத்து ஆலைகள் மாதம் எவ்வளவு கட்டின என்பதை அவற்றை வைத்துத்தான் எழுத முடியும்.

(தொடரும்)